மாத்திரைக்கு ஒரு விசா

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றவர்களைத் திட்ட எனக்குத் தெம்பு வரும்.

வளைகுடா நாடு ஒன்றில் நான் கழித்தது மொத்தமாகவே ஒரு வாரத்துக்கும் குறைவு. அதிலும் பாதி நேரம் ஓட்டல் அறையில், ஏசியை எப்படிக் குறைப்பது என்று தெரியாமல், குளித்துத் துவட்ட வைத்திருந்த துண்டுகளையெல்லாம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஈக்காட்டுத்தாங்கலில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை உண்டு. குழாய் இணைப்புகளுக்கு ரப்பர் வளையம் செய்கிறோம். அதை அங்கே விற்றுவிடலாம் என்று கிளம்பினேன். விற்கவில்லை. ஆனால் திரும்பி வந்த நாளிலிருந்து மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்புக்கு நான்தான் வளைகுடா நிபுணன். யார் வீட்டுப் பையன் வேலை விஷயமாகப் போனாலும், யார் வீட்டுத் தம்பதி ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாலும், லிஃப்டில் என்னை மடக்கி ஆலோசனை கேட்பார்கள். கேட்காதவர்களை நான் மடக்குவேன்.

என் ஆலோசனைகள் மோசமில்லை, அதையும் சொல்லிக்கொள்கிறேன். வெயில் ஊர் என்று பையெல்லாம் பருத்திச் சட்டையாக அடுக்காதீர்கள், கட்டடத்துக்குள் ஊட்டி நடந்துகொண்டிருக்கும், ஒரு ஸ்வெட்டர் வேண்டும். தெரியாத பெண்களை, அவர்கள் வீட்டு வாசலைக்கூட, படம் எடுக்காதீர்கள். நோன்பு மாதத்தில் தெருவில் நின்று தண்ணீர் குடிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் வியாபாரம் பேசப் போகாதீர்கள். போனதும் விலையை ஆரம்பிக்காதீர்கள். முதலில் அவர் சௌக்கியம், உங்கள் சௌக்கியம், பிறகு காப்பி.

காப்பி விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் முழுக் கதையைச் சொன்னதில்லை. அவர்கள் கொடுப்பது கைப்பிடி இல்லாத குட்டிக் கிண்ணம். எங்கள் வீட்டிலோ டம்ளரில் உதடு படக் கூடாது. பிறந்ததிலிருந்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டுதான் பழக்கம். நம்மூர் டம்ளருக்கு மடித்த விளிம்பு உண்டு, குறி தப்பாது. அந்தக் கிண்ணத்துக்கு விளிம்பும் இல்லை, நான் செய்யப்போவது என்னவென்று அங்கிருந்தவர்களுக்கு ஒரு யோசனையும் இல்லை. ஏலக்காய்க் காப்பி என் மூக்குக்குள் புகுந்து, அங்கிருந்து ஒரு தும்மலாகப் புறப்பட்டு, எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரின் பளீர் வெள்ளை அங்கியில் போய் இறங்கியது. நல்ல மனுஷர். சிரித்துவிட்டு மறுபடி ஊற்றச் சொன்னார். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நான் நம்மூர் விருந்தாளி மாதிரி ‘போதும் போதும்’ என்று வாயால் சொல்லிக்கொண்டே கிண்ணத்தையும் நீட்டிக்கொண்டிருந்தேன். அவர்களும் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அன்று ராத்திரி முழுக்க என் இதயம் பஜனை செய்தது.

நிபுணனின் யோக்கியதை இவ்வளவுதான். இனி கோபத்துக்கு வருகிறேன்.

எங்கள் பெண் கல்யாணமாகி அதே நாட்டில்தான் இருக்கிறாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது வழக்கம். ஆனால் அவளை விமானம் ஏறக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். பெண் அம்மா வீட்டுக்கு வர முடியாவிட்டால் அம்மா வீடு பெண்ணிடம் போக வேண்டியதுதான் என்று என் மனைவி பெட்டியை இறக்கினாள். குளக்கரைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் பிரசவ லேகியத்துக்குச் சாமான் வாங்கினாள். என் பழைய வேட்டிகளில் மெத்தென்று துவண்டவையாகப் பார்த்துக் கிழித்து, குழந்தைக்குத் துணி மடித்தாள். பிரசவத்துக்குள் அங்கே இருந்தாக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. வேறு எந்த ஆசையும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அவளுக்குப் போன வருஷம் அக்கி வந்தது. கொப்புளம் ஆறிப்போயிற்று, வலி ஆறவில்லை. விலாவில் புடவை உரசினால்கூட நெருப்புப் பட்ட மாதிரி துடிப்பாள். காலையும் ராத்திரியும் ஒரு மாத்திரை. அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாதாம்.

ஒரு நாள் பெட்டியை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஏன்னா, இந்த மாத்திரையை அந்த ஊர்ல விடுவாளா?”

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் நிபுணன் பதில் சொன்னான். “ஒண்ணும் ஆகாது. கைப்பையில போட்டுண்டு போ.”

ஊருக்கெல்லாம் சொன்னவன், சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு நிமிஷம் தேடிப் பார்த்துச் சொல்லவில்லை. நல்லவேளை, மாப்பிள்ளை தேடிப் பார்த்தார். அன்று ராத்திரியே செய்தி அனுப்பினார்: அந்த மாத்திரை அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. கொண்டுவரலாம். ஆனால் வருவதற்கு முன்னாலேயே டாக்டர் கடிதத்தோடு இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். ஆளுக்கு விசா போல மாத்திரைக்கும் ஒரு விசா. நிபுணன் பதவியை நான் அங்கேயே ராஜினாமா செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கோபக்காரனாகப் பதவி உயர்வு எடுத்துக்கொண்டேன்.

முதலில் தி. நகருக்குப் போனேன், டிக்கெட் போட்ட டிராவல்ஸ்காரரிடம். தேவைப்பட்டால் தேதியைத் தள்ளிப் போட முடியுமா என்று கேட்கத்தான்.

“எதுக்கு சார் தள்ளணும்? எங்ககிட்ட டிக்கெட் போட்டவங்க மூட்டை மூட்டையா மருந்து எடுத்துட்டுப் போறாங்க. ஒண்ணும் ஆகாது சார்.”

“ஆயிடுத்துன்னா?”

“ஆச்சுன்னா எனக்கு ஒரு ஃபோன் அடிங்க.”

“நீங்க வந்து என் வொய்ஃபை வெளியில எடுப்பீங்களா?”

“டென்ஷன் ஆகாதீங்க சார். மோர் சொல்லட்டுமா?”

மோரைக் குடித்துவிட்டு வந்தேன். தாகம் வேறு, கோபம் வேறு.

பிறகு அடையாறு. என் மனைவிக்கு வைத்தியம் பார்க்கும் நரம்பு டாக்டரின் கிளினிக். நல்ல கைராசி என்று பேர். கைராசி இருக்கலாம், கையெழுத்து இல்லை. அவர் எழுதிக் கொடுத்ததை நான் விண்ணப்பத்தோடு ஏற்றினேன். அது திரும்பி வந்தது. கம்பெனி வைத்த பேர் போதாதாம், மருந்தின் உண்மையான பேர் வேண்டும். என்ன நோய், எவ்வளவு அளவு, எத்தனை நாளைக்கு, எல்லாம் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். கேட்டதில் அநியாயம் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து, அந்த எறும்பு ஊர்வலத்தைப் படிக்க முயன்ற அந்த மனுஷனை நினைத்தால் எனக்கே பாவமாக இருந்தது.

மறுபடி போனேன். டாக்டர் மாநாட்டுக்குப் போயிருந்தார். மறுபடி போனேன். இருந்தார்.

“எதுக்கு சார் இவ்ளோ அலையறீங்க? இது சாதாரண நரம்பு மாத்திரை. ஒண்ணும் ஆகாது.”

“நம்ம ஊர்ல சாதாரணம் டாக்டர். அவங்க ஊர்ல இல்லை.”

“எனக்குத் தெரிஞ்சு யாரையும் பிடிச்சதில்ல.”

“பிடிச்சவங்க உங்ககிட்ட திரும்பி வந்து சொல்லுவாங்களா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த நரம்பு மாத்திரை எனக்குத்தான் என்று எழுதியிருந்தது.

இங்கேதான் எனக்குப் பொங்கிற்று. ‘ஒண்ணும் ஆகாது’ என்ற இந்த இரண்டு வார்த்தையை நம்மூரில் கண்டுபிடித்தவன் யார்? அவன் கையில் கிடைத்தால் பட்டறையில் அழுத்தி வளையமாக்கிவிடுவேன். ஹெல்மெட் போடாதவனும் இதைத்தான் சொல்கிறான், பிளக் பாயிண்டில் வெறும் ஒயரைச் செருகுகிறவனும் இதைத்தான் சொல்கிறான். சொல்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது என்பது என்னவோ உண்மைதான். ஆகப்போவது போகிறவளுக்கு. பக்கத்து வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி வைக்கிறோம். அடுத்தவன் நாட்டுக்குள் நுழையும்போது அவன் சட்டம் என்ன என்று ஒரு வரி படிக்க நமக்கு வலிக்கிறது. அவர்கள் ஊர்ச் சட்டம் அவர்கள் ஊர்ச் சட்டம். ‘எங்க டாக்டரே சொன்னார்’ என்று சுங்க அதிகாரியிடம் தமிழில் அழுதால் அவன் என்ன செய்வான், மோர் வாங்கித் தருவானா?

கடைசியில் டாக்டர் புதுக் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தார். அழகான கடிதம். முத்திரை இல்லை.

வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள்: “சீல் பெசன்ட் நகர் கிளினிக்ல இருக்கு சார். நாளைக்கு வாங்களேன்.”

“என்ன சீல் அது?”

“ரப்பர் சீல்தான் சார்.”

“ரப்பரா? நான் ரப்பர்லயே பொறந்தவன்மா. பட்டறைக்குப் போய் நானே ஒண்ணு வெட்டிண்டு வந்துடறேன்!”

“அது கிரிமினல் குத்தம் சார்.”

“அது மட்டும் தெரியறது உங்களுக்கு!”

காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் என்னைத்தான் முதலில் உள்ளே அனுப்ப வேண்டும் என்பது போலப் பார்த்தார்கள். வெளியே வந்து பெசன்ட் நகர் கிளினிக்குக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார், “இன்னா சார், மூஞ்சி இப்டி செவந்துகீது? போறது ஆஸ்பத்திரிக்குத்தானே, அப்டியே பிரஷர் பாத்துக்கினு வந்துடு.” முத்திரை வாங்கினேன். பிரஷர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தக் கருவி போயிருக்கும்.

கடிதத்தை ஏற்றியாயிற்று. இனி காத்திருக்க வேண்டும். பயண நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மேல்மாடி அம்மாள் மணி அடித்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பையன் அதே நாட்டில் வேலையில் இருக்கிறான். நம்மூரில் யாராவது வெளிநாடு கிளம்பினால் தெருவே பொட்டலம் கட்டுமே, அப்படிக் கையில் ஒரு பொட்டலம். உறை மேல் உறை போட்டு, செல்லோ டேப் சுற்றி, ஏதோ ராக்கெட் பாகம் மாதிரி இருந்தது.

“ஒண்ணுமில்ல சார், குருமாப் பொடி. பையனுக்குக் குடுத்துட்டா போதும். அவனே ஏர்போர்ட்டுக்கு வந்து வாங்கிப்பான்.”

“கசகசா போட்டிருக்கீங்களா?”

“கசகசா இல்லாம குருமா எப்படி சார்?”

“அந்த ஊர்ல கசகசா போதைப் பொருள் கணக்கு. தெரியுமா?”

“பாயசத்துல போடறோமே, அதுவா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். “இத்தனூண்டு பொட்டலம். அரைச்சு வேற இருக்கு. ஒண்ணும் ஆகாது சார்.”

அவ்வளவுதான். டிராவல்ஸ்காரருக்கு, டாக்டருக்கு, மாநாட்டுக்கு, பெசன்ட் நகர் முத்திரைக்கு, எல்லாருக்கும் வைத்திருந்ததை அந்த அம்மாள் தலையில் கொட்டினேன். “உங்க பையன் குருமா சாப்பிடறதுக்கு என் பெண்டாட்டி ஜெயில்ல களி சாப்பிடணுமா?” என்று நான் கத்தியது கீழே வாட்ச்மேன் வரை கேட்டதாம். அவர் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறிப் போனார். இன்றுவரை படியில் என்னைக் கண்டால் சுவரில் சுண்ணாம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார். பார்க்கட்டும். சொன்னது சரி, கத்தியதுதான் தப்பு. இதைப் படிக்கிறவர்கள் கத்தாமல் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். யார் கொடுத்தாலும், எவ்வளவு சின்னதானாலும், உங்கள் கண்ணெதிரே நீங்களே கட்டாத பொட்டலம் உங்கள் பெட்டியில் ஏறக் கூடாது. மாட்டினால் பெட்டி யாருடையது என்றுதான் கேட்பார்கள், பொடி யார் அரைத்தது என்று கேட்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் என் மனைவி பெட்டியைத் திறந்தாள். அடியில் கையை விட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். சமையலறைக்குப் போய், கசகசா டப்பாவைத் திறந்து, உள்ளே கொட்டினாள். நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் படித்தேன்.

பயணத்துக்கு முதல் நாள்வரை அனுமதி வரவில்லை.

“நான் போறேன்,” என்றாள்.

“மாத்திரை இல்லாம எப்படிப் போவே? திடீர்னு நிறுத்தப்படாதுன்னு சொல்லியிருக்காரோல்லியோ.”

“மாத்திரையோடயே போறேன். நீங்கதானே ஒண்ணும் ஆகாதுன்னேள்?”

“அப்ப சொன்னேன். இப்ப ஆகும்கறேன்.”

“அவ தனியா இருக்கா.”

“மாப்பிள்ளை இருக்கார்.”

“அவர் இருக்கார். அவ அம்மா இல்லை.”

பதில் இல்லாதவன் செய்வதைச் செய்தேன். சத்தம் போட்டேன். டிராவல்ஸ்காரருக்கு ஃபோன் அடித்து டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அங்கே டாக்டரே அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்று கூடத்தில் நின்று அறிவித்தேன். அவள் பூட்டிய பெட்டியைச் சுவரோரம் நிறுத்தி, அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூன்றாம் நாளும் அங்கேயே உட்கார்ந்துதான் கீரை ஆய்ந்தாள். பெட்டி ஒரு விருந்தாளி மாதிரி எங்களோடு கூடத்தில் இருந்தது.

டாக்டர்கள் சொல்லும் தேதி குழந்தைகளுக்குத் தெரிவதில்லை. ஒரு மத்தியானம் மாப்பிள்ளையிடமிருந்து ஃபோன். பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றார். பின்னாலிருந்து எங்கள் பெண்ணின் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. என் மனைவி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். விலா வலிக்கிறதா என்று கேட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் வீடியோவில் பேத்தியைக் காட்டினார்கள். சிவப்பாக, கோபமாக, கையை முறுக்கிக்கொண்டு கத்தினாள். ஜாடை யாருடையது என்று சொல்லவே வேண்டாம்.

“ரொம்ப வலிச்சுதாடி?” என்று கேட்டாள் என் மனைவி.

“நீ வந்துடுவேன்னு நெனச்சேன்மா,” என்றாள் எங்கள் பெண்.

குழந்தை மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

அனுமதி மறுநாள் காலை வந்தது. எழுந்ததும் ஃபோனைப் பார்த்தேன், வந்திருந்தது. தெளிவாக, மரியாதையாக, அவள் பேர், மருந்தின் பேர், அளவு, எல்லாம் போட்டு. ‘வந்துடுத்து, வந்துடுத்து’ என்று நான் கூடத்துக்கு ஓடினேன். அவள் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றி முடிக்கும்வரை என்னை நிற்க வைத்தாள்.

இப்போதும் எனக்கு அந்த நாட்டுக்காரர்கள் மேல் கோபமில்லை. விண்ணப்பித்த பிறகு அவர்கள் எடுத்துக்கொண்டது நியாயமான அவகாசம்தான். நம் பக்கத்தில்தான் எல்லாம் கெட்டது. முதல் கடிதத்தையே ஒழுங்காக எழுதியிருந்தால், முத்திரை அதே மேஜையில் இருந்திருந்தால், அதற்கெல்லாம் முன்னால் அவள் கேட்ட அன்றே நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்திருந்தால், அவள் எப்போதோ அங்கே போய் இறங்கியிருப்பாள். அதனால் கேட்டுக்கொள்ளுங்கள், வேலையாகப் போகிறவர்களும் சரி, வேடிக்கை பார்க்கப் போகிறவர்களும் சரி. டிக்கெட் போட்ட அன்றே வீட்டில் இருக்கும் மாத்திரைகளையெல்லாம் மேஜையில் கொட்டுங்கள். இருமல் மருந்து, தூக்க மாத்திரை, வலி மாத்திரை, எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றின் உண்மையான பேரையும் அந்த நாட்டு அரசாங்கத்தின் தளத்தில் தேடுங்கள். என்னை மாதிரி நிபுணனிடம் கேட்காதீர்கள். டாக்டரிடம் போய், படிக்கிற மாதிரி கடிதம் வாங்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போடாதீர்கள். சோம்பேறித்தனத்துக்கு நம்மூரில் இன்னொரு பேர் தைரியம். அதை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

விமான நிலையத்தில் என் மனைவியிடம் ஒரு ஃபைலைக் கொடுத்தேன். கடிதம், மருந்துச் சீட்டு, அனுமதி, ஒவ்வொன்றுக்கும் நகல், நகலுக்கும் நகல். கேட்டால் எதை முதலில் காட்டுவது, எதைப் பிறகு, முத்திரை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல்வரை பாடம் நடத்தினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உள்ளே போகுமுன் என் சட்டைக் காலரை ஒரு தடவை சரிசெய்துவிட்டுப் போனாள்.

போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை தகவல் அனுப்பினார். எனக்கு அது போதவில்லை. நான் பட்ட பாட்டுக்கு விவரம் வேண்டும். உட்கார்ந்து என் மனைவிக்கு நீளமாக ஒரு செய்தி அடித்தேன். எந்த இடத்தில் நிறுத்தினார்கள்? பெட்டியைத் திறந்தார்களா, கைப்பையை மட்டுமா? முத்திரை தெளிவாக இருந்ததா? அனுமதியைக் காகிதத்தில் பார்த்தார்களா, ஃபோனிலா? டாக்டர் கடிதத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள்?

பேத்தியைக் குளிப்பாட்டித் தூங்கப் பண்ணிய பிறகு பதில் போட்டாள்.

“யாருமே கேக்கலை.”